வள்ளித்தாய் அடக்கிப்போட்ட இருமல்

வள்ளித்தாய் வாயத் தொறந்தா ஐந்தருவிக்கே காது அடைச்சிரும். இருவத்தஞ்சு வருசமா அருவிச் சத்தத்துக்கு மேல கூவி, மங்குஸ்தானும் ரம்புட்டானும் வித்த தொண்டை. அவ வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் நேர் எதிரு. அருவிக்கரையில வாரவனுக்கெல்லாம் எண்ணெய் தேச்சுவிடுத மனுசன், நாளைக்குப் பத்து வார்த்தை பேசுனா அதிகம். "அவுக பேச்சையும் சேத்து நானே பேசிருதேன்"ன்னு சொல்லிச் சிரிப்பா.

இந்தச் சாரல் சீசன்ல, இலஞ்சி பக்கம் ஒரு வேன்காரன் அவரு சைக்கிள இடிச்சுப்போட்டான். மண்டைக்குள்ள ரத்தக்கட்டு. பாளையங்கோட்டையில ஆப்பரேசன், பெறவு தென்காசியில ஒரு ஆஸ்பத்திரி. கண்ணு முழிச்சிட்டாரு, கையக் குடுத்தா பிடிக்காரு. ஆனா மூச்சு விடுததுக்குத் தொண்டையில ஓட்ட போட்டு வச்ச டியூப்பு அப்படியே இருக்கு. கஞ்சி ஊத்த மூக்கு வழியா இன்னொண்ணு. தொண்டை டியூப்ப எடுத்தாத்தான் வீட்டுக்கு விடுவாவ.

மக முத்துச்செல்விக்குப் புள்ள பொறந்து பத்தொம்பது நாளாச்சு. தாய்வீட்டுல பாக்கவேண்டிய மொதப் பிரசவம், மாமியா வீட்டுல நடந்துட்டு. பேத்தி கொட்டாவி விடுத அழகக்கூட வள்ளித்தாய் போன்லதான் பாக்கா. ஒரு நாளைக்கு நாப்பது தடவ பாக்கா.

வார்டுல அவரு இருமுவாரு. சளி டியூப்பு வழியாத் தெறிக்கும். நர்சம்மா மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு மிசின வச்சு உறிஞ்சுவா. "இன்னும் இவ்வளவு சளி இருக்கு, எப்படி டியூப்ப எடுக்க?" தெனமும் இதே பேச்சு. வள்ளித்தாய்க்கு என்ன பதிஞ்சுபோச்சுன்னா, இருமுனா வீட்டுக்கு விட மாட்டாவ.

அப்பத்தான் சொன்னாவ, "புதன்கிழமை இருமல் டெஸ்ட்டு." அம்புட்டுத்தான். எதுக்கு, என்னன்னு ஒண்ணும் சொல்லல. சுகர் டெஸ்ட்டுன்னா மொத நாளே இனிப்ப நிறுத்துதோம்லா? அந்தக் கணக்குத்தான் அவளுக்கு. மெடிக்கல்ல இருமல் மருந்து ஒரு பாட்டில் வாங்கி, காலையிலயும் சாயங்காலமும் கஞ்சியோட சேத்து மூக்கு டியூப்புல ஊத்திட்டா. திரைக்கு வெளிய காவலுக்கு அண்ணன் ஆவுடைநாயகம்.

"எண்ணே, நர்சு வந்தா கனைச்சிரு."

"நான் இருமுனா என்னையும் பெட்டுல போட்டுருவாவட்டி."

புதன்கிழமை பிசியோதெரபி பாக்க ஜஸ்டின் வந்தான். கையில ஒரு பிளாஸ்டிக்குக் குழாய், பக்கத்துல நம்பரு, நடுவுல செவப்பு முள்ளு. அதத் தொண்டை டியூப்புல மாட்டுனான்.

"அண்ணாச்சி, நல்லா இருமுங்க பாப்போம்."

அவரு முழிச்சாரு. இவன் சொல்லுதது மண்டையில ஏறல. சரின்னு ஜஸ்டின் மெல்லிசா ஒரு குழாயத் தொண்டைக்குள்ள விட்டுச் சீண்டிப் பாத்தான். புஸ்ஸுன்னு ஒரு காத்து வந்துச்சு. முள்ளு நாப்பதுல நின்னுட்டு.

"நூத்தறுவதாவது ஏறணுமே! போன வாரம் எஞ்சட்டையில தெறிக்க இருமுனாரே, என்னாச்சு?"

"இருமலே இல்ல தம்பி, சுத்தமா நின்னுட்டு"ன்னா வள்ளித்தாய், பெருமையா. "எடுத்துருவியள்லா?"

"இருமல் இருந்தாத்தாம்மா எடுக்க முடியும்! சளி நெஞ்சுக்குள்ள எறங்குனா வெளிய தள்ளப் பெலம் இருக்கணும்லா? அத அளக்கத்தானே இந்த டெஸ்ட்டு."

அவ மெல்லப் பாட்டில எடுத்து நீட்டுனா. அவன் வாசிச்சுப் பாத்துட்டுத் தலையில கைய வச்சான். "இது இருமலையே அமுக்கிப்போடும். கேக்காம ஊத்தலாமா? அறிவு வேண்டாமா?"

அம்புட்டுத்தான். வார்டே எந்திச்சு உக்காந்துட்டு.

"அறிவா? யாருக்குவே அறிவு இல்ல? பச்சமண்ணு எம் பேத்தி, பால் பொறையேறுனா தானா இருமுதா. அவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல, ஒத்துக்கிடுதேன். அம்பது நாளா இங்கன தரையில கெடக்கேன். அவரு இருமுதப்பல்லாம் மூஞ்சியச் சுளிச்சிய. இந்த இருமல்தான் அவரக் காப்பாத்துதுன்னு ஒருத்தராவது சொன்னியளா? மாத்திரைக்குச் சீட்டு எழுதத் தெரியுது, ஸ்கேனுக்கு எழுதத் தெரியுது. வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா?"

ஜஸ்டின் மூஞ்சி செத்துப்போச்சு. "எங்க மேலயும் தப்பு இருக்கும்மா."

"மேலயும்னு இழுக்காத. எங்க மேலதான்னு சொல்லு."

வெளிய வந்து பாட்டிலச் சாக்கடையில கவுத்தா. ஊத்துன கை இதுதான. அந்தக் கோவத்த யாருகிட்டப் போய்க் கத்த?

அமுங்குன சளி நெஞ்சுல கட்டி, மூணு நாளு காய்ச்சல். அவ போன்லகூட பேத்தியப் பாக்கல. ஜஸ்டின் முதுகுல தட்டச் சொல்லிக்குடுத்தான். தட்டுனா, தட்டுனா, கை வீங்குத வரைக்கும் தட்டுனா. அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் சீண்டிப் பாத்தாவ. முள்ளு நூத்தி எம்பதுக்குப் போச்சு. ரெண்டு நாளு டியூப்ப மூடி வச்சுப் பாத்துட்டு, எடுத்துட்டாவ.

ஓட்டைக்கு மேல பஞ்ச வச்சு, இருமும்போது உள்ளங்கையால அமுக்கிக்கிடணும். அவ அமுக்கிக்கிட்டு இருந்தா. அவரு கட்டில் ஆட இருமுனாரு.

"மாப்ள, மெள்ள இருமும், நோவும்லா"ன்னாரு ஆவுடைநாயகம்.

"மெள்ளவா? எண்ணே, வெளிய போயிரு! இன்னொருக்க யாராவது இருமாதன்னு சொன்னா, இந்த ஆஸ்பத்திரிய..."

அவ கைக்குக் கீழ என்னமோ அதிர்ந்துச்சு. கரகரன்னு ஒரு சத்தம்.

"கத்தாதட்டி."

ரெண்டு மாசங் கழிச்சு அவரு வாயில வந்த மொதப் பேச்சு. வள்ளித்தாய் கைய எடுக்கல.

"கத்துவேன். நீரு இருமும்."