படபட போட்ட ஊசி

எங்கள் நர்சிங் வகுப்பில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் படபட. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது நோண்டும். வார்டுப் பயிற்சியில் ஒரே ஒரு வேலைதான் அவளுக்குக் கைவரவில்லை. சலைன் ஏற்ற நரம்பில் ஊசி போடுவது. இரண்டு முறை தேர்வில் சொதப்பிவிட்டாள். இன்றும் தவறினால், நாங்கள் அடுத்த வருஷத்துக்குப் போக, அவள் மட்டும் ஜூனியர்களோடு இதே வார்டில் நிற்க வேண்டும்.

வீட்டில் தையல்கார அப்பாவின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு நரம்பு தேடுவாளாம். "அம்மாடி, பேன்ட் பாதியில கிடக்கு. என் கைய எப்பத் திருப்பிக் குடுப்ப?" என்பாராம் அவர்.

இன்று கட்டிலில் ஒரு லாரி டிரைவர், வாந்தியில் துவண்டு கிடந்தார். எங்கள் மேடம் கையைக் கட்டிக்கொண்டு படபடவுக்குப் பின்னால் நின்றார்.

முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையை இறுக்கினாள். நரம்பு புடைத்தது. ஊசி இறங்கியதும் ரத்தம் தெரிந்தது, நரம்பு கிடைத்துவிட்டது. கைதட்டாத குறை எனக்கு. அவசர அவசரமாக டியூபை மாட்டித் திறந்தாள். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. ரத்தம்தான் டியூபுக்குள் ஏறியது.

நரம்பு கிழிந்துவிட்டது என்று நினைத்து ஊசியை உருவப் போனாள். பட்டையை இன்னும் அவள் அவிழ்க்கவே இல்லை. இறுக்கத்தோடு உருவினால் ரத்தம் பீறிடும். நான் வாய் திறந்தால் அவள் தேர்வு அதோடு காலி. மேடமோ கல்லாட்டம் நின்றார். அந்த மனுஷி மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது.

"என்னம்மா, வண்டி கிளம்பலையா?" என்றார் டிரைவர்.

அவள் உருவாமல் கையை எடுத்தாள். ஊசியிலிருந்து மெல்ல மேலே பார்த்துக்கொண்டே போனாள். முழங்கையைத் தாண்டியதும் பட்டையை அவிழ்த்தாள். சொட்டு விழ ஆரம்பித்தது.

"ஹேண்ட்பிரேக்க எடுக்க மறந்துட்டேன் அண்ணே."

அந்த நிலையிலும் அவர் சிரித்துவிட்டார்.

"மறந்தது தப்பு. ஆனா பதறி உருவல. நீ பாஸ்," என்றார் மேடம். "அடுத்த வருஷம் உன் பின்னாடி யாரும் நிக்க மாட்டாங்க."

வராந்தாவுக்கு வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"மேடம் என் பின்னாடி நின்ன பயத்துலதான்டி நான் உருவல," என்றாள்.