யாரும் எடுக்காத கட்டை

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஊருக்கு எழுதிய சில கடிதங்களைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வாய் திறக்கவே யோசிப்பேன். அப்படிப்பட்டவள் விறகைப் பற்றி எழுதி மற்றவர்களைப் படிக்கச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னிக்க வேண்டும். அடுப்புக்கு எந்த விறகு ஆகும், எது ஆகாது என்பது எனக்கு ஒரு தடவை உடம்பில் பட்டுத் தெரிந்தது. அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி, ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கும் சொந்த ஊர் கீழேதான். மலையில் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் ஒரே அறையில் வீடு. மாமியார் மாமனார் கீழேயே இருந்தார்கள். என் வீட்டுக்காரர் என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவர். சோறு குழைந்தாலும் சாப்பிடுவார், களி வேகாவிட்டாலும் சாப்பிடுவார். பிறந்த வீட்டில் நான் வைத்த குழம்பை ஒருத்தரும் குறை சொல்லாமல் சாப்பிட்டதில்லை. அதனாலேயே எனக்கு மலை பிடித்துப்போயிற்று.

எங்கள் ஊரில் விறகைப் பார்த்து எடுக்கும் வழக்கம் கிடையாது. கடலைத் தோல், கரும்புச் சோகை, வேலியில் வெட்டிய முள் என்று எது கிடைத்தாலும் எரிப்போம். மலையில் மரத்துக்குப் பஞ்சமில்லை, அதனாலேயே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. புளியங்கட்டை நின்று எரியும், நல்ல தணல் விழும், களி கிளற அதுதான் சரி. உசிலையும் அப்படித்தான். முருங்கையும் இலவமும் பார்க்கத்தான் பருமன், அடுப்பில் வைத்தால் வெறும் புகை. மூங்கில் வெடித்து மடியில் தணல் தெறிக்கும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

வந்து எட்டு மாதம் இருக்கும். அவர் சரக்கு எடுக்க ஒடுகத்தூர் இறங்கும்போது, "புளிய வெறகு தீந்துபோச்சு. பக்கத்து வூட்டு அக்கா போவும்போது கூடப் போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டு அக்கா மலைக்காரர். சாமை விதைக்கிற குடும்பம். நல்ல மனுஷி, ஆனால் வாய் அதிகம். நான் போய்க் கூப்பிட்டால் நாலு பேருக்கு முன்னால் ஏதாவது கேலி செய்வார் என்று கூச்சப்பட்டுக்கொண்டு தனியாகவே போனேன்.

ஓடையைத் தாண்டிய உடனே வழியோரத்தில் ஒரு கட்டை கிடந்தது. என் உயரம் இருக்கும். நன்றாகக் காய்ந்திருந்தது. பட்டை வெடித்த இடத்தில் கறுப்பாகப் பிசின் வடிந்திருந்தது. பிசின் இருந்தால் நன்றாகப் பற்றும் என்று நினைத்தேன். தினமும் அத்தனை பெண்கள் போய் வரும் வழியில் இப்படி ஒரு கட்டை எனக்காகக் கிடக்கிறதே என்று சந்தோஷம் வேறு. வலது தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். பாதியைப் பிளந்து அன்று சாயங்காலம் அடுப்பில் வைத்தேன். முதலில் பற்றவில்லை. ஊதுகுழலை வைத்து வெகுநேரம் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஊதினேன். இருட்டும் நேரத்தில் அவர் வந்து சாப்பிட்டார். எனக்கு முகம் அரித்தது. புகை என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

காலையில் கண்ணை ஒரு கீற்றுக்கு மேல் திறக்க முடியவில்லை. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. தோளில் கட்டை இருந்த இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, அதைச் சுற்றிக் கொப்புளம். அவர் ஓடிப்போய் அக்காவைக் கூட்டி வந்தார். அக்கா என் முகத்தைப் பார்த்தார், நேராகப் பின்பக்கம் போய் மீதிக் கட்டையைப் பார்த்தார்.

"அடிப்பாவி, சேராங்கொட்டை மரத்தையா எரிச்ச?"

"யாரும் எடுக்காமக் கெடந்துது, அக்கா."

"யாரும் எடுக்கலன்னா ஏன்னு கேக்க வாணாமா? வழியில கெடக்கற வெறக வுட்டுட்டுப் போற அளவுக்கு எங்க ஊருப் பொம்பளைங்க சோம்பேறின்னு நெனச்சிட்டியா?"

சேராங்கொட்டையை நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். சலவைக்காரர் துணியில் குறி போடுவது அதன் பாலில்தான், எத்தனை வெளுத்தாலும் போகாது. ஆனால் அந்தக் கொட்டை காய்க்கிற மரத்தை நான் பார்த்ததேயில்லை. அதன் பிசின் பட்டாலும் புகை பட்டாலும் உடம்பு இப்படி ஆகும் என்று அக்கா சொல்லித்தான் தெரியும். நல்லெண்ணெய் தடவிவிட்டு அக்கா தன் வேலைக்குப் போனார்.

அன்று மதியம் பார்த்து என் அண்ணன் ஒரு பை கடலையோடு மலையேறி வந்தார். அண்ணன் முன்கோபக்காரர். என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டார். தோளில் இருந்த கோட்டைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது.

"இன்னா மாப்ள இது? தடியால அடிச்சிருக்கியா?"

என் வீட்டுக்காரர், "இல்ல மச்சான், கட்ட..." என்றார். அதோடு நின்றுவிட்டார்.

"கட்டையாலயா?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பார்க்கிற யாருக்கும் அவர் அடித்தவர் மாதிரிதான் தெரிந்திருக்கும்.

"பொட்டியக் கட்டு. இப்பவே எறங்கறோம்" என்றார் அண்ணன் என்னிடம்.

அந்த முகத்தோடு கீழே இறங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஊர் முழுக்கப் பார்க்கும். அதற்கப்புறம் நான் என்ன சொன்னாலும் என்னை மலைக்கு அனுப்ப மாட்டார்கள்.

"அவரு அடிக்கல. நான்தான் தெரியாம சேராங்கொட்டை மரத்த எரிச்சிட்டேன்" என்றேன்.

"துணிக்குக் குறி போடற கொட்டையா? அத்த எரிச்சா கண்ணு மூடிக்குமா? அடி வாங்கறவ எல்லாம் இப்டித்தான் சொல்லுவா."

சத்தம் கேட்டு அக்கா வந்துவிட்டார். "பொகையே போதுங்க, நாங்க அந்த மரத்தாண்ட ஒதுங்கித்தான் போவோம்" என்றார். அண்ணன் அதையும் நம்பவில்லை. ஊர்க்காரர்கள் கடைக்காரருக்குத்தான் பேசுவார்கள் என்றார்.

நான் அதுவரை அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கண் சரியாகத் தெரியாதது அன்று ஒரு வகையில் வசதியாக இருந்தது. அவர் முகத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"மீதிக் கட்ட பின்னாடிதான் கெடக்குது. அந்தப் பிசின எடுத்து உன் கையில தேச்சிக்கினு இன்னைக்கு ராத்திரி இங்கியே படு. காலையில ஒண்ணும் ஆவலன்னா நான் பொட்டியத் தூக்கிக்கினு வர்றேன். ஆச்சுன்னா நீ மட்டும் போ."

 அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பின்பக்கம் போனார். என் வீட்டுக்காரர், "வாணாம் மச்சான்" என்று பின்னாலேயே ஓடினார்.

"நீ பேசாத" என்றார் அண்ணன்.

அக்கா மட்டும் சிரித்தார். "சோத்துக் கை வாணாங்க அண்ணா, நாளைக்குக் களி துன்னணும்ல. எடது கையில தேச்சிக்குங்க."

அண்ணன் இடது மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா தன் வீட்டிலிருந்து நாலு புளியங்கட்டை கொண்டுவந்து, எனக்குப் பதிலாக அவரே களி கிளறிவைத்துவிட்டுப் போனார். அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் சாப்பிட்டார்கள்.

மறுநாள் விடிந்தபோது அண்ணனின் இடது கை முழங்கை வரை வீங்கியிருந்தது. நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, மீந்த களியைக் கரைத்துக் குடித்துவிட்டு, அண்ணன் தனியாக மலை இறங்கினார்.