417 என்ற எண்ணுக்காக ஒரு மன்றாட்டு

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தவக்காலத்தில் பதினொரு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் ஓர் எண்: 417.

நான் ராயபுரத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கத்தோலிக்கக் கல்லூரி ஒன்று கணினிவழிப் பட்டப்படிப்பு தொடங்கியிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து விடை அனுப்புவார்கள், நான் திருத்துவேன். அறுபத்து மூன்று பேர். பெயர் தெரியாது, முகம் தெரியாது. பதிவெண் மட்டும்தான்.

நன்றாக எழுதிவந்த 417 திடீரென்று நின்றுவிட்டது. மூன்று பாடம் தவறினால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். இரண்டு தவறிவிட்டது, வெள்ளிக்கிழமை மூன்றாவது கெடு. ஆறு முறை நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. அலுவலகத்தில் முகவரி கேட்டேன். விதி இடம் தராது என்றார்கள். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடத் தெரியவில்லை. அழுதேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கோயிலில் அந்தோணியார் நவநாள் பூசையின்போது, மக்கள் எழுதிப் போடும் மன்றாட்டுச் சீட்டுகளை வாசிப்பார்கள். பெயர் தெரியாததால், "417 திரும்பி வர வேண்டும்" என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். ஃபாதர் அப்படியே மைக்கில் வாசித்தார்.

முன் பெஞ்சில் ஓர் அம்மா, "யாரோ ஜெயில்ல கீறாங்கோ போல, பாவம்" என்றார்.

வெட்கம் தாங்காமல், சீட்டைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு பெண் ஃபாதரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு ஃபாதர் எழுதுனது? அது என் நம்பரு!"

ஸ்டெல்லா. காசிமேட்டில் இறால் உரிக்கிறவள். என் வீட்டிலிருந்து நாலாவது தெரு.

"நான்தாம்மா எழுதினேன். உன் விடையெல்லாம் திருத்துற வாத்தியார். ஏம்மா நிறுத்திட்ட?"

"அம்மா செத்துப் பூட்டாங்க சார். அத விடைக்குக் கீயவே எழுதியிருந்தேன். 'நூற்றிருபது சொற்களே உள்ளன, இருநூறு வேண்டும்'னு வந்துச்சு. மிஷினு திருத்துதுன்னு நெனச்சிகினேன். அதாண்ட போயி இன்னாத்த சொல்றது? அப்பால வந்தத எதையும் தொறக்கல."

அது மிஷின் இல்லை. நான்தான். அந்த வரிகளையும் சேர்த்து எண்ணினேனே தவிர, படிக்கவில்லை. அவளிடமே மன்னிப்புக் கேட்டேன்.

"வுடு சார், கோயில்லயே என் நம்பர படிக்கவச்சிட்டியே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

வியாழக்கிழமையே விடை வந்தது. நான் சொற்களை எண்ணவில்லை.

ஆண்டவருக்கு நன்றி. அதன்பின் கல்லூரிச் சிஸ்டரிடம் சண்டை போட்டுப் பெயர்களை வாங்கினேன். எண்ணூர், மீஞ்சூர் என்று ரயிலேறிப் போய் நாற்பத்தொன்பது பேரைப் பார்த்துவிட்டேன். இன்னும் பதினான்கு பேர். அவர்களை நினைத்தால் உட்கார முடியவில்லை.

உங்களுக்கும் இப்படி யாரையாவது பற்றிக் கவலை இருந்தால், தெரிந்ததை மட்டும் எழுதிப் போடுங்கள். மிச்சம் ஆண்டவருக்குத் தெரியும்.