செம்மறிக்கு வளைகாப்பு

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் சின்னம்மா செம்மறி வளர்த்தார். தோட்டத்தை ஒட்டிச் சோளம் பயிரிட்ட, தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளி, கதிர் ஒடித்ததும் மிச்சத் தட்டையை மேய ஆடுகளை விட்டுவிடுவார். வயிற்றில் குட்டி வளரும் ஆட்டுக்குக் காய்ந்த தட்டை மட்டும் போதாது என்று, சின்னம்மா சாயங்காலத்தில் உடைத்த சோளமும் கொடுப்பார். முதலில் ஒரு பிடி, பிறகு மெல்ல மெல்லக் கூட்டி ஒரு பால் டின். ஆடு எவ்வளவு கெஞ்சினாலும் அதற்குமேல் கிடையாது. சின்னம்மா மகா கஞ்சம் என்றே அந்தச் சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் ஓர் ஆடுதான் சினை. சின்னம்மாவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அடிக்கடி ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய் வருவார். எதற்கென்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அப்படி அவர் போயிருந்த ஒரு காலையில்தான் பெரியம்மாவுக்கு அந்த யோசனை வந்தது.

"வாயும் வயிறுமா இருக்குற சீவனுக்கு ஒரு டின் சோளம் பத்துமா? வளைகாப்பு செஞ்சிரலாம் லா!"

லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் விளையாட்டாகத்தான் தொடங்கினார்கள். ஆட்டுக்குச் சந்தனம் பூசி, கண்ணாடி வளையல்களைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டினார்கள். பிறகு புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். கர்ப்பிணி எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு ஒரே கொண்டாட்டம்.

சாயங்கால பஸ்ஸில் சின்னம்மா வந்து இறங்கியபோது, ஆடு படுத்துக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வயிறு மேளம் போல இறுகியிருந்தது.

"ஐயோ, என்னக்கா குடுத்தீங்க? தட்டை மேயுற வயிறு, திடீர்னு இவ்ளோ சோறு தாங்குமா? குட்டியும் சேந்து போயிரும்!"

சின்னம்மா ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பாட்டிலால் ஆட்டின் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். எழுப்பி நடத்தினார். அதன் காதில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். சின்னம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருக்க, ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

சில நாளில் அது இரண்டு குட்டி போட்டது. ஈரம்கூடக் காயாத அந்த உயிர்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே தள்ளாடி எழுந்து மடியைத் தேடிப் போயின. கோயிலில்கூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை.

சின்னம்மா குட்டிகளைத் துடைத்துவிட்டு, தாயின் கழுத்தில் இன்னும் கிடந்த கயிற்றை அவிழ்த்தார். ஒரு பச்சை வளையலை உருவித் தன் கையில் போட்டுக்கொண்டார்.

"ஐயே, ஆட்டு வளையலப் போய்ப் போட்டுக்குறாங்க!" என்று நான் சிரித்தேன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மிச்ச வளையல்களையும் ஒவ்வொன்றாகத் தங்கையின் கையில் ஏற்றினார். குட்டிகள் இரண்டும் நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் எதற்காக அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.