பிரேக் டிஸ்க்கில் சந்தனம்

போன சனிக்கிழமை காலை, வீட்டு வாசலில் ஒரு குரல்.

"ஏங்க... பிரேக் டிஸ்க்கில சந்தனம் வச்சது யாரு?"

வேறு யார்? அடியேன்தான்!

காருக்குப் புதிதாக எது வாங்கினாலும் பொட்டு வைத்துக் கும்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை வாங்கியது, சக்கரத்தின் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேட். அது உள்ளே ஒளிந்திருக்கிறது. அதனால் ரிம் இடுக்கில் விரலை விட்டு, பளபளவென்று தெரிந்த டிஸ்க்கில் வைத்துவிட்டேன். அதுவும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய கையோடு.

"எண்ணெய் பட்டா பிரேக் பிடிக்காதுங்க. சாமி கும்பிடுறேன்னு என்னைய சாமிகிட்டயே அனுப்பப் பாக்குறீங்களா?"

நல்லவேளை, கார் இன்னும் நகரவில்லை. கிளீனர் அடித்து நன்றாகத் துடைத்தாள்.

மலர் என் மனைவி. கிள்ளானில் பார்மசிஸ்ட். நாற்பத்தெட்டு வயதில், செப்பாங் பந்தயத் தடத்தில் எங்கள் வீட்டுக் காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பியவள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும்தான்...

முதல் தடவை போனபோது, சாதாரண பேட் சில சுற்றுகளிலேயே சூடேறிவிட்டது. மிதிக்கிறாள், மிதிக்கிறாள் — கார் நிற்க யோசிக்கிறது. பாதியிலேயே வெளியே வந்துவிட்டாள்.

"பரவால லா ஆன்டி, காய்கறி வாங்க பாசார் போற காருதானே" என்றார் அங்கிருந்த ஓர் இளைஞர்.

அடுத்த முறை நேரம் முடிந்து கொடி காட்டும்வரை ஓட்டியே தீருவது என்று மலர் அன்றே முடிவு செய்துவிட்டாள்.

செந்தூலில் ஒரு கார் உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ரேஸ் பேடை எடுத்து வைத்தார்.

"எவ்ளோ சூடானாலும் அசராதுக்கா."

"சூடாகலன்னா, பாஸ்?"

"அது... கொஞ்சம் சூடேறினாதான் நல்லா பிடிக்கும்."

"எங்க வீடு இருக்கிற தாமானை விட்டு வெளிய வந்ததும் சிக்னல். இருப்பா, சூடேத்திட்டு வரேன்னு சிவப்பு லைட்டுகிட்ட சொல்ல முடியுமா லா?"

கடைக்காரர் சிரித்தே விட்டார். கடைசியில் அவள் எடுத்தது நடுத்தர ரகம். காலைக் குளிரிலும் பிடிக்கும், தடத்தின் சூட்டையும் ஓரளவு தாங்கும். கொஞ்சம் கிறீச்சிடும், ரிம் கறுக்கும். கூடவே பிரேக் ஆயிலையும் மாற்றச் சொன்னாள்.

நானாக இருந்தால் ரேஸ் பேடைத்தான் வாங்கியிருப்பேன். நாம் எப்போது நமக்காக வாங்கியிருக்கிறோம்? நாம் எப்படி ஆக ஆசைப்படுகிறோமோ, அந்த ஆளுக்காகத்தானே வாங்குகிறோம்! என் மலையேறும் ஷூ இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

சந்தனம் துடைத்த கையோடு, ஆளில்லாத சாலையில் வேகமெடுப்பதும் குறைப்பதுமாகப் புதிய பேடைப் பழக்கினாள். மறுநாள் செப்பாங்.

நான் பார்வையாளர் வரிசையில். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. கொடி காட்டினார்கள். மலர் இன்னும் உள்ளேதான் இருந்தாள்! கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, பிரேக்கை ஆறவிட்டு வந்து நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்?

அதே இளைஞர் வந்தார். "ஆன்டி, என்ன பேட் போட்டீங்க?"

"நீ எதுல வீட்டுக்குப் போவ, தம்பி? அதை முதல்ல சொல்லு."

திரும்பும் வழியில் மழை. முன்னால் போன லோரி சட்டென்று நின்றது. மலர் மிதித்தாள். எங்கள் காரும் நின்றது, ஆறிப்போன பேடோடு, ஈரச் சாலையில். லோரியின் பின்கதவு எழுத்துகளை நிதானமாகப் படிக்கும் தூரம் மிச்சமிருந்தது.

கிள்ளான் வந்தபோது மழை விட்டிருந்தது. சிக்னலில் பிரேக் கிறீ...ச் என்று கத்த, சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டேன் — நன்றாகப் பார்க்கட்டும், ஓட்டுவது என் மனைவி!