பன்னிரண்டு என்றே சொன்ன பெட்டி

சொலாஞ்ஜ் மின்சாரத்துக்குப் பயந்தவளல்ல. திஜோன் பக்கத்துச் சிற்றூர்களில் இருபத்திரண்டு வருடமாகக் குளிர்பெட்டி பழுதுபார்க்கிறவள். அவளுடைய பயமெல்லாம் தன் தவறுகள் மீதுதான். அவை அபூர்வம் என்பதால் பயம் செலவாகாமல் சேர்ந்து கிடந்தது.

வியாழக்கிழமை காலை வண்டியைத் துப்புரவு செய்தபோது அந்தச் சேமிப்பு மொத்தமும் ஒரே நிமிடத்தில் வெளியே வந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஓய்வுபெற்ற நோட்டரி வோத்ரேயின் ஒயின் பெட்டியில் அவள் மாட்டியிருக்க வேண்டிய வெப்ப உணரி, உறை பிரியாமல் தட்டில் இருந்தது. பக்கத்து உறைதான் காலி; அதிலிருந்ததைத்தான் அங்கே மாட்டியிருக்கிறாள். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்; மின்தடை மதிப்பில் மட்டும் மாட்டியது இதில் பாதி.

தடை குறைந்தால் சூடு என்பது பெட்டியின் கணக்கு; பாதி என்றால், அது தன்னைச் சூடாகவே நினைத்துக்கொண்டு குளிரூட்டிக்கொண்டே போகும். முகப்பில் பன்னிரண்டு டிகிரி தெரியும்போது உள்ளே உறைநிலைக்கும் கீழே. அதிலிருந்தவை வோத்ரேயின் மகள் பிறந்த வருடத்துப் பதினெட்டு பாட்டில்கள். மகளுக்குச் சனிக்கிழமை கல்யாணம். வண்டியை நேரே அவர் வீட்டுக்கு விட்டாள்.

"பெட்டிக்கென்ன, ராஜா மாதிரி நிக்குது!" என்றார் வோத்ரே. "எப்பப் பார்த்தாலும் பன்னிரண்டு."

"பாட்டிலைத் தொட்டுப் பார்த்தீங்களா ஐயா?"

"தொடுறதா? கதவைத் திறந்தா சூடு ஏறும்னு நீங்கதானே சொன்னீங்க! மூணு வாரமா என் பெண்டாட்டியைக்கூடப் பக்கத்துல விடல."

சும்மா ஒரு சோதனை என்று பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். உண்மை முந்திக்கொண்டது. "தப்பான உணரியை மாட்டிட்டேன் ஐயா. உள்ளே உறைஞ்சிருக்கலாம்."

அவர் முகப்பைச் சுட்டிக் காட்டினார். "விளையாடாதீங்க. பன்னிரண்டுன்னு எழுதியிருக்கே!" நாற்பது வருடம் எழுத்தை நம்பியே பிழைத்தவர்.

கருப்புக் கண்ணாடிக் கதவைத் திறந்து, உணரியை வெளியே இழுத்து, ஐஸ் நொறுக்கிய தண்ணீரில் முக்கினாள். முகப்பு சற்று யோசித்துப் பதினாலு என்றது.

"ஐஸ் தண்ணி பதினாலாம்!" என்றார் வோத்ரே, பொய்ச்சாட்சியைக் கையும் களவுமாகப் பிடித்த குரலில்.

பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள். பதினேழில் ஒயின் அசைந்தது; உறையவில்லை. பெட்டியின் பின்சுவரை ஒட்டியிருந்த ஒன்றில், உறையத் தொடங்கிய ஒயின் தள்ளியதில் தக்கை நகத்தளவு எழும்பியிருந்தது.

"அதைத் திறந்துதான் பார்க்கணும்."

"முடியாது!"

"ஐயா, சனிக்கிழமை அத்தனை பேர் முன்னாடி தெரியறதுக்கு இப்பவே தெரியட்டும்."

தக்கையைக் கடைசியில் அவரே உருவினார். "இருபத்தாறு வருஷமா இதுக்குத்தாம்மா பயந்துக்கிட்டிருந்தேன். ஒண்ணைக்கூடத் திறந்ததில்ல. எப்பவோ புளிச்சுப் போயிருந்தா?"

குவளையை உள்ளங்கைகளில் பொத்திச் சூடேற்றி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். சொலாஞ்ஜ், இனி இந்த ஊரில் யார் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார், கோபப்படும் உரிமையைப் பறிகொடுத்தவர்போல. "ரொம்பவே நல்லாருக்கு. உங்களுக்கும் ஒரு குவளை எடுங்க."

சரியான உணரியை மாட்டினாள். உறையை மூன்று முறை படித்துவிட்டுத்தான். உள்ளே ஒரு சாதாரண வெப்பமானியும் வைத்தாள். "தினம் கதவைத் திறந்து இதையும் பாருங்க."

"சூடு ஏறாதா?"

"கொஞ்சம் ஏறட்டும் ஐயா."

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் பெட்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம். மறுபடி திறக்கும் சத்தம்.