ட்ரில் மாஸ்டர் காது கொடுத்த வருஷம்

காளிச்சாமி 1947 ஜூன் மாதம் எங்கள் பள்ளியில் ட்ரில் மாஸ்டராகச் சேர்ந்தார். அங்கே நான் குமாஸ்தா. மலையாளச் சீமையில், சித்தூர் தாலுக்காவின் கிழக்குக் கோடியில், மலையாளம் ஒரு பிரிவும் தமிழ் ஒரு பிரிவுமாக நடந்த ஹைஸ்கூல் அது. அதற்கு முன் அவர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அவர் விசில் ஊதினால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஏர் ஓட்டுகிறவர் நின்று திரும்பிப் பார்ப்பார். கையில் எப்போதும் ஒரு புளியங்குச்சி இருக்கும். அதை அவர் வீணாக வைத்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1955 ஜூலையில் மேலிடத்து உத்தரவு ஒன்று வந்தது. வளர்ந்த பிள்ளைகளின் மனக்குறைகளைக் கேட்டு வழிகாட்டப் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், அவரைத் திருச்சூரில் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று இருந்தது. ஹெட்மாஸ்டர் வெங்கிடேஸ்வரன் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். கணக்கு வாத்தியாரையும் இங்கிலீஷ் வாத்தியாரையும் விட அவருக்கு மனமில்லை.

"ஓய் காளிச்சாமி, நீர்தான் போகணும். பத்து நாள் ட்ரில் இல்லேன்னு ஒருத்தனும் ஃபெயிலாகப் போறதில்லே."

"கொழந்தைகளுக்குப் புத்தி சொல்றதுக்குங்களா? குச்சிய எடுத்துட்டுப் போலாமுங்களா சார்?"

"அதை என் மேஜை மேலே வெச்சுட்டுப் போம்."

திருச்சூரில் ஒரு கல்லூரி அம்மாள் பாடம் நடத்தினாராம். பிள்ளையை உட்கார வைத்துவிட்டுத்தான் நாம் உட்கார வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. வாக்குக் கொடுக்கக் கூடாது. கேட்டதைப் பிள்ளையின் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. பிள்ளை கேள்வி கேட்டால் 'நீ என்ன நினைக்கிறாய்' என்று திருப்பிக் கேட்க வேண்டும். வழி பிள்ளையிடமிருந்தே வரும். பட்டாளத்தில் சொன்னதைச் செய்து பழகியவர் இதையும் அப்படியே ஏற்றுக்கொண்டார். ஊர் திரும்பியதும் மனைவியிடம்தான் முதலில் பழகிப் பார்த்தார்.

"ஏனுங்க, தொண்டை கட்டிக்கிச்சுங்களா?" என்று பொன்னாத்தாள் கேட்டாளாம். "நானும் அப்பப் புடிச்சுப் பேசறேன், ம்முங்கறீங்க, தலையாட்டறீங்க. திருச்சூர்ல மாட்டுக்கு மருந்து வெக்கிற மாதிரி ஏதாச்சும் வெச்சுட்டாங்களா?"

என் அறைக்கு அடுத்த விளையாட்டுச் சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தோம். நடுவில் பலகைத் தடுப்புதான். புதன்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் அங்கே உட்காருவார். முதலில் அனுப்பப்பட்டவன் பீடியோடு இரண்டு தடவை பிடிபட்ட பெரியமுத்து. வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவன் அழுகிற குரல் கேட்டது.

"அடிக்கறதுன்னா அடிச்சிருங்க சார். இப்புடி உக்காந்து பாக்காதீங்க சார்."

தொண்டை கிழியக் கத்துகிறவர் வாயை மூடிக்கொண்டால் பிள்ளைகளுக்கு அது பெரிய கோபமாகத்தான் தெரிந்தது. அந்தப் பயம் போகச் செப்டம்பர் முடிந்துவிட்டது. அதன்பின் ஒருவர் இருவராகத் தாமாகவே வந்தார்கள். ஊமைக் காயங்கள் எத்தனை வீடுகளில் இருந்தன என்பது அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி ஆறாம் ஃபாரம் வள்ளியாத்தாள் வந்தாள். மேட்டுக்காட்டுக் குப்பண்ணனின் மூத்த மகள். வயது பதினாறு. மார்ச் மாதம் பள்ளி இறுதிப் பரீட்சை எழுத வேண்டியவள். பரீட்சைப் பணம் கட்டியாகிவிட்டது.

"மாமனுக்குக் குடுக்கறதுன்னு பேசிட்டிருக்கறாங்க சார். கொழிஞ்சாம்பாறையில. வேண்டாமுன்னு நாஞ் சொல்லலீங்க. மார்ச்சு வரைக்கும் பொறுக்கச் சொன்னாப் போதுமுங்க. பரீட்சை எழுதிட்டுக் கட்டிக்கறேன்."

"ம்."

"நீங்க வந்து அப்பாருகிட்ட ஒரு சொல்லுச் சொல்றீங்களா சார்?"

காளிச்சாமி நாற்காலியை நகர்த்துகிற ஓசை கேட்டது.

"நீ என்ன நெனைக்கறே அம்மிணி?"

"நா நெனைச்சு என்னங்க சார் ஆகப் போவுது?"

"யோசிச்சுப் பாரு. வர்ற புதன்கிழமை பேசலாம்" என்றார் காளிச்சாமி. பெஞ்சு நகர்ந்தது. "சரீங்க சார்" என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை. கடையில் சாமான் இல்லை என்று சொன்னால் திரும்பிப் போகிற குரல்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை பள்ளி விட்டதும் அறையைத் திறக்காமல், திருச்சூர்ப் பாடத்தை மீறி, அவர் மேட்டுக்காட்டுக்குக் கிளம்பினார். வழித்துணைக்கு என்னையும் கூப்பிட்டார். குப்பண்ணன் களத்தில் நின்றிருந்தார். கட்டிலில் உட்கார வைத்தார்.

"புள்ளை பள்ளிக்கூடம் வரலீங்களே" என்று ஆரம்பித்தார் காளிச்சாமி.

"ஞாயித்துக்கெழமை உப்புஞ் சக்கரையும் மாத்தி நிச்சயம் பண்ணியாச்சுங்க. கார்த்திகையிலயே கண்ணாலம்."

"மார்ச்சு வரைக்கும் பொறுத்தா..."

குப்பண்ணன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "அன்னிக்கே இதச் சொல்லியிருந்தீங்கன்னாப் பொறுத்திருப்பனுங்களே! அவளுந்தான் சொன்னா, சாருகிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன்னு. சாரு என்ன சொன்னாருன்னு கேட்டேன். ஒண்ணுஞ் சொல்லலைன்னா. பெரியவங்க கேட்டுட்டுச் சும்மா இருந்தா என்ன அர்த்தமுங்க? தப்பா இருந்தாத் துண்டத் தோள்ல போட்டுட்டு அப்பவே வந்திருப்பீங்க. உங்களுக்கும் சம்மதந்தான்னு மச்சினனுக்கு ஆள் உட்டுட்டேன்."

"இப்ப மாத்த முடியாதுங்களா?"

"உப்பு கை மாறினதுக்கப்புறமுங்களா? மச்சினன் மூஞ்சியில நான் எப்புடி முழிக்கறது?"

வள்ளியாத்தாள் மோர் கொண்டு வந்தாள். காளிச்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"யோசிச்சுப் பாத்தனுங்க சார்" என்றாள். உள்ளே போய்விட்டாள். கேலியா நிஜமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அதன்பின் அவர் முறையை மாற்றினார். ஜனவரியில் ஐந்தாம் ஃபாரம் ராசம்மாள், அண்ணன் தன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தப் பார்க்கிறான் என்று சொன்னாள். காளிச்சாமி அன்று சாயங்காலமே துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். அண்ணன் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டானாம். அவர் வாசலைத் தாண்டியதும், ஊட்டுச் சங்கதியை ஊருக்குச் சொல்கிறாயா என்று தங்கையை உலக்கையால் அடித்தான். இடது முன்கை முறிந்தது. அதோடு அவள் பள்ளிக்கு வருவது நின்றது. ரிஜிஸ்டரில் அவள் பெயரை அடித்தவன் நான்தான். பிப்ரவரியில் ஒருவரும் அந்த அறைக்கு வரவில்லை.

வள்ளியாத்தாளின் பெயரை நான் அடிக்கவில்லை. பணம் கட்டியிருந்தது, எழுத நினைத்தால் எழுதலாம். மார்ச் முதல் வாரம் காளிச்சாமி கொழிஞ்சாம்பாறைக்கே போய்க் கேட்டார். அவள் புருஷன் கெட்டவனில்லை. "வரட்டுமுங்க, நானே வண்டி கட்டிக் கூட்டியாறேன்" என்றான்.

மறுத்தது அவள்தான்.

"படிச்சதெல்லாம் போச்சுங்க சார். கண்ணாலத்துலிருந்து மாட்டுத் தொட்டியும் அடுப்புந்தான். போயி வெறுந்தாளக் குடுத்துட்டு வரட்டுங்களா?"

அவர் திரும்பி வந்து இதைச் சொன்னதும், என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். திருச்சூரில் சொல்லிக் கொடுத்ததும் வாய்க்கு வரவில்லை, ஊரில் சொல்கிறதும் வரவில்லை என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

பரீட்சை மார்ச் பத்தொன்பதில் தொடங்கியது. அவள் எண்ணுக்கு நேரே ஆப்சென்ட் போட்டோம்.

ஜூனில் பள்ளி திறந்தபோது காளிச்சாமி பந்து, கயிறு, வளையம் எல்லாவற்றையும் அந்த அறைக்கே திரும்ப எடுத்து வைத்தார். ஹெட்மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. குச்சி அவர் மேஜை மேலேயே கிடந்தது. காளிச்சாமி அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டாவது வாரம், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அறை வாசலில் வந்து நின்றாள். பழைய கதை எதுவும் தெரியாதவள். யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க."

காளிச்சாமி கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவதை நிறுத்தவில்லை.

"எங்கிட்டச் சொல்லாத கண்ணு" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் வேறு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கலாம். பிறகு பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்.